பன்னிரண்டாவது குறி

1814, பிப்ரவரி 9, புதன். ஹெல்னெஸ்.

மாவு அளந்தேன். பார்லி மாவு ஒன்றரைக் கிண்ணம். இடித்த மரப்பட்டை ஒரு சாக்கு. பட்டைக்கு என்ன பஞ்சம், மலை முழுக்க மரம்தான் நிற்கிறது. அதைச் சேர்த்துச் சுட்ட ரொட்டியை சிசிலியா கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அம்மா, இதைச் சாப்பிடணுமா, அடுப்புல போடணுமா?" என்றாள். ஒன்பது வயதுக்கு வாய் நீளம்தான். என் வாய். சிரித்துவிட்டேன்.

என் புருஷன் ஹார்ட்விக் லோஃபோட்டன் தீவுகளுக்குப் படகேறி இன்றோடு பதினைந்து நாள். அவன் மட்டுமா, துடுப்புப் பிடிக்கத் தெரிந்த அத்தனை ஆண்களும் குடாவுக்கு அந்தப் பக்கம் காட் மீன் பிடிக்கப் போயாயிற்று. இனி ஏப்ரல் கடைசி வரைக்கும் இந்த ஊரில் மாடு கன்று போட்டாலும் கூரை பறந்தாலும் பெண்கள்தான். நான் குறைபட்டுக்கொள்ளவில்லை. சும்மா எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 20, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பிரசங்கம் நீளம், கால் விறைத்துவிட்டது. பிள்ளைகளின் கல்லறையில் பனியைத் தள்ளிவிட்டு வந்தேன்.

மார்ச் 13, ஞாயிறு

தெற்கேயிருந்து வந்த ஒருவன் சொன்னானாம்: டென்மார்க் ராஜா போரில் தோற்று, நம் நார்வேயை ஸ்வீடன் ராஜாவுக்குக் கொடுத்துவிட்டாராம். பக்கத்து வீட்டு பெரெட் அக்கா பால் கறந்தபடியே சொன்னாள்: "மாட்டை விக்கறதுன்னாகூட மாட்டுக்காரன் வந்து பல்லைப் பிடிச்சுப் பாக்கறான். நம்மள யாரும் பாக்கக்கூட வரலியே."

பெரெட் அக்காவுக்கு ஐம்பது வயது. புருஷன் இறந்து பத்து வருஷம். அவள் பேச்சைக் கேட்டால் பசு கூட கறவையை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

எந்த ராஜாவானால் என்ன? இரண்டு வருஷம் முன்னால், ஆங்கிலேயன் கடலை அடைத்து, தெற்கே பெர்கன் துறைமுகத்திலிருந்து தானியம் வராமல் போனபோது எங்கே இருந்தார்கள் இந்த ராஜாக்கள்? ஒரே குளிர்காலத்தில் என் பிள்ளைகள் பேடரும் குட்டி காரனும் போனார்கள். காய்ச்சல் என்று பாதிரியார் புத்தகத்தில் எழுதினார். காய்ச்சல் இல்லை. பசி. அதை எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை போலிருக்கிறது.

மார்ச் 31, வியாழன்

பனிச்சறுக்குக் கட்டைகளில் ஒரு தபால்காரன் வந்தான். தாடி முழுக்க பனிக்கட்டி. டென்மார்க்கிலிருந்து நம்மை ஆள வந்த இளவரசரின் ஓலையாம், தெற்கே நாற்பது நாளுக்கு முன்னால் எழுதியது. நாளை எல்லோரும் கோயிலுக்கு வர வேண்டும் என்று பாதிரியார் ஸ்டூப் ஆள் அனுப்பியிருக்கிறார்.

ஏப்ரல் 1, வெள்ளி

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

கோயிலில் நூறு பெண்கள் இருந்தோம், குழந்தைகள், அப்புறம் ஐந்து ஆண்கள். அந்த ஐவரில் ஒருவருக்குக் காது கேட்காது. பாதிரியார் ஓலையைப் படித்தார். நார்வே இனி யாருக்கும் சொத்து இல்லை, தனக்குத்தானே சட்டம் எழுதிக்கொள்ளப் போகிறது. அதற்காக நாடு முழுக்கக் கோயில்களில் சத்தியம் வாங்குகிறார்கள். கையைத் தூக்குங்கள் என்றார். ஆண்களுக்குத்தான் சொன்னாரோ என்னவோ. நாங்கள் எல்லோரும் தூக்கினோம். காது கேட்காத கிழவர் எங்களைப் பார்த்துவிட்டு அவரும் தூக்கினார். "நாட்டுக்காக உயிரையும் கொடுப்பீர்களா?" என்று பாதிரியார் கேட்டார். கொடுப்போம் என்றோம். நான் சத்தமாகவே சொன்னேன். சொன்னது வாயோடு போகவில்லை, இப்போது எழுதும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அதற்குப் பிறகுதான் விஷயம். சட்டம் எழுதும் கூட்டத்துக்கு ஆள் அனுப்ப ஒவ்வொரு ஊரும் தன் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். அதில் ஊரின் பன்னிரண்டு வீட்டுத் தலைவர்கள் கையொப்பம் இட வேண்டும். பன்னிரண்டு. நம்மிடம் ஐந்து.

பாதிரியார் கையை விரித்தார். "மீன்பிடி முடிஞ்சு ஆளுங்க திரும்பினதும் பாத்துக்கலாம்."

எழுந்து நின்றேன். "கூட்டம் எப்போ ஐயா ஆரம்பிக்குது?"

"பத்தாம் தேதி."

"இந்த மாசமா?"

"இந்த மாசம்தான். அதனாலதான் சொல்றேன், மால்ஃப்ரிட், எப்படியும் நேரம் இல்ல."

"ஆம்பளைங்க நூறு பேர் ஒரு இடத்துல உக்காந்து பேசப் போறாங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடுமா?"

பின்னால் பெரெட் அக்கா சிரித்தது கோயில் முழுக்கக் கேட்டது. பாதிரியார் சிரிக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, திங்கள்

பாதிரியார் வீட்டில் இரண்டு மணி நேரம் சண்டை. கடிதம் எழுதிவிட்டார், நல்ல எழுத்து. முழுக்க நன்றி, விசுவாசம், தாய்நாடு. நான் கேட்டது ஒரே ஒரு வரி: வடக்கே நம் ஊர்களில் ஒரு தானியக் கிடங்கு கட்டி வைக்க வேண்டும், கடல் அடைபட்டாலும் திறக்கிற மாதிரி.

"இது விசுவாசக் கடிதம், மனு இல்ல" என்றார்.

"சத்தியம் பண்ணும்போது உயிரைக் கொடுப்போம்னு சொல்ல வெச்சீங்க இல்ல? எங்க ஊர் ரெண்டு வருஷம் முன்னாடியே முப்பத்தோரு உயிரைக் கொடுத்திருக்கு. அதை முன்பணமா வெச்சுக்கிட்டு இந்த ஒரு வரியை எழுதுங்க."

பேனாவை மையில் முக்கி, முக்கி, வழித்து, கடைசியில் எழுதினார். அவர் கெட்டவர் இல்லை. அந்த முப்பத்தோரு பேரையும் புதைத்தவர் அவர்தான்.

எப்படியாவது இதை ஆண்களிடம் கொண்டு சேர்த்து, பன்னிரண்டு குறி வாங்கி, தெற்கே அனுப்ப வேண்டும். இந்த வருஷம் எனக்கு வேறு வேலை இல்லை. மாடு, சாணம், நூல், சிசிலியா எல்லாம் இருக்கிறது. ஆனால் வேலை என்று இதுதான்.

ஏப்ரல் 6, புதன்

நல்ல படகுகளெல்லாம் ஆண்களோடு போய்விட்டன. மிச்சம் இருப்பது கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட பழைய ஆறு துடுப்புப் படகு. தார் காய்ச்சி மூன்று ஓட்டை அடைத்தோம். நாலாவது கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது. நான், பெரெட் அக்கா, கொழுந்தன் யென்டாஃப்டின் மனைவி எலன், ஆற்றங்கரைச் சகோதரிகள் இருவர். எலன் தண்ணீர் இறைக்க.

நாளை புனித வியாழன். ஈஸ்டர் வரைக்கும் மீனவர்கள் கரையில் இருப்பார்கள். அதனால்தான் இந்த நாள்.

ஏப்ரல் 9, சனி. மீனவர் குடிலில், தீவில்.

கைகள் கிழிந்திருக்கின்றன. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம், பொழுது சாய்வதற்குள் தீவைத் தொட்டோம். பாதி தூரம் பாய் இழுத்தது, மீதி நாங்கள் இழுத்தோம். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்து அசையாமல் நின்றார்கள். ஐந்து பெண்கள் படகில் வந்தால் ஊரே செத்துப்போயிற்று என்றுதானே நினைப்பார்கள். ஹார்ட்விக் இடுப்புத் தண்ணீரில் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"சிசிலியா?"

"நல்லா இருக்கா. எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒரு கையெழுத்து வேணும்."

அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "இதுக்கு நீ கூப்பிட்டிருந்தா நானே நீந்தி வந்திருப்பேனே" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான், கடல் தண்ணீராம்.

கிழவர் நில்ஸ்தான் முகம் சுளித்தார். அவர் மூத்த படகுத் தலைவர். எலன் அவசரத்தில் விரித்துக் கிடந்த வலையைத் தாண்டிவிட்டாள். பெண் வலையைத் தாண்டினால் கடல் கோபிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எலனுக்கும் தெரியும், பாவம், கால் மரத்துப்போய் எங்கே வைக்கிறோம் என்று பார்க்கவில்லை. "வீட்டுக்குப் போறதுக்குள்ள யார் தலையில விடியப் போகுதோ" என்று நில்ஸ் துப்பினார்.

"உன் தலைல விடிஞ்சா என்ன, அங்க முடி இல்லியே" என்றாள் பெரெட் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நேற்று பெரிய வெள்ளி. அன்றைக்கு முடிச்சுக்கூடப் போட மாட்டார்கள், பேனாவைத் தொடுவார்களா. ஒரு நாள் பூரா காத்திருந்தோம். மீன், மீன் ஈரல், மீன் முட்டை. இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். இங்கே ரொட்டிதான் இல்லை.

இன்று காலை ஆண்கள் கூடினார்கள். ஊர் சார்பில் போக யென்டாஃப்டைத் தேர்ந்தெடுத்தார்கள். வாசிக்கத் தெரிந்தவன், அதைவிட முக்கியம், நிறுத்தி நிதானமாகப் பேசத் தெரிந்தவன். பிறகு கடிதத்தை நானே வாசித்தேன். தானியக் கிடங்கு வரி வந்ததும் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பெயர் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான், மற்றவர்கள், வாசிக்க மட்டுமே தெரிந்த யென்டாஃப்ட் உட்பட, வீட்டுக் குறியைப் போட்டார்கள். வலை மிதவையிலும் மீன் பெட்டியிலும் ஆட்டுக் காதிலும் வெட்டுகிற அதே குறிகள். எழுத்து தெரிந்த இருவரும்கூட, மற்றவர்களைப் பார்த்துவிட்டுப் பெயருக்குப் பக்கத்தில் குறியையும் போட்டார்கள்.

ஹார்ட்விக் கடைசி, பன்னிரண்டாவது. பேனாவைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். நிமிர்ந்த கோடு, தலையில் குறுக்கு, காலில் ஒரு சாய்வு.

போட்டுவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டான். "பிள்ளைங்க பேரை எழுதலியா இதுல?"

"பாதிரியார் அதுக்கு ஒத்துக்க மாட்டார்."

குறியை விரலால் தொட்டுப் பார்த்தான். மை அவன் விரலில் ஒட்டியது. "பரவால்ல. அவங்க பலகையிலயும் இதுதானே வெட்டியிருக்கு. இதைப் பாத்தா அவங்களும் இருக்காங்க."

கல்லறைப் பலகையை அவன்தான் செதுக்கினான். அதில் இரண்டு பெயரும் இந்தக் குறியும். மற்ற நேரத்தில் அவன் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. மதியம் காற்று திரும்பியிருக்கிறது. கிளம்புகிறோம்.

ஏப்ரல் 13, புதன்

வந்து சேர்ந்தோம். ஈஸ்டர் கழிந்ததும் பாதிரியார் முத்திரை வைத்து வட்டார நீதிபதிக்கு அனுப்பினார். அவர் சரிபார்த்துத் தெற்கே போகும் தபால் படகில் ஏற்ற வேண்டும். படகு இருபத்துமூன்றாம் தேதி.

ஏப்ரல் 22, வெள்ளி

கடிதம் திரும்பி வந்துவிட்டது.

ஒரு துண்டுச் சீட்டு: "பன்னிரண்டு தேவை. இதில் பதினொருவரே உள்ளனர். ஒருவர் இருமுறை ஒப்பமிட்டுள்ளார்."

யார் இருமுறை போட்டது? எடுத்துப் பார்த்தேன். புரிந்ததும் பல்லைக் கடித்தேன். ஹார்ட்விக்கின் குறியும் யென்டாஃப்டின் குறியும். ஒரே குறிதான், தம்பி தனிக்குடித்தனம் போனபோது காலில் ஒரு வெட்டு கூடுதலாகச் சேர்த்துக்கொண்டான். எல்லாத் தம்பிகளும் அப்படித்தான் செய்வார்கள். நீதிபதி தெற்கத்தி ஆள். கை நடுங்கிப் போட்ட அதே குறி என்று நினைத்துவிட்டார். அந்த ஒரு சின்ன வெட்டு, கொசுக் கால் அளவு இருக்குமா?

பாதிரியார் "என்ன செய்ய முடியும்" என்கிறார். நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும். அவரே தன் படகைக் கொடுத்தார்.

ஏப்ரல் 26, செவ்வாய்

ஒன்றரை நாள் துடுப்பு, அரை நாள் நடை. நீதிபதி வீட்டு வாசலில் அவர் வேலைக்காரி என் காலணியைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக வரச் சொன்னாள். பின்பக்கமாகவே போனேன். பின்பக்கம் போனால் என் வாய் சின்னதாகிவிடுமா.

நீதிபதி மரியாதையான மனிதர்தான். கேட்டார். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து அவர் விறகுப் பெட்டியில் இரண்டு குறிகளையும் வரைந்து காட்டினேன்.

"அப்போ ஒரு ஆளுக்கு ஒரு குறி, அப்படித்தானே?"

"ஆளுக்கு இல்ல ஐயா. வீட்டுக்கு. அண்ணன் வீடு ஒண்ணு, தம்பி வீடு ஒண்ணு. வீடு ரெண்டு, குறி ரெண்டு."

"சரி. அந்த ஆள் செத்துட்டா குறி என்ன ஆகும்?"

"குறி எப்படி ஐயா சாகும்? அந்த வீட்ல யார் அடுப்பு மூட்டறாங்களோ அவங்களுது."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று, தலையை ஆட்டிக்கொண்டார். கடிதத்தின் ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார்: "குறிகள் ஆட்களுக்கு அல்ல, வீடுகளுக்கு உரியவை. வீடுகள் பன்னிரண்டு. ஏற்கப்பட்டது." பெயர், முத்திரை.

ஆனால் தபால் படகு சனிக்கிழமையே போய்விட்டது. அடுத்தது மே ஏழு. இரண்டு வாரம். ஒரு கொசுக் காலுக்கு இரண்டு வாரம்.

அழவில்லை. திரும்பும்போது துடுப்பை வலித்த வலியில் பாதிரியார் படகின் துடுப்புக் கொக்கி ஒன்று உடைந்தது. சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 30, சனி

படகுகள் வந்தன. ஹார்ட்விக்கின் படகு வரவில்லை.

மே 3, செவ்வாய்

எழுத வேண்டும். எழுதினால்தான் நம்புவேன் போலிருக்கிறது.

புதன்கிழமை வீட்டுக்குத் திரும்பும் வழியில் குடாவின் நடுவே காற்று மாறியது. படகு கவிழ்ந்தது. நான்கு பேர் இருந்தார்கள். யென்டாஃப்டும் அதில்தான். இருவர், இன்னும் சொந்த வீடும் குறியும் இல்லாத இளவட்டங்கள், உடனே போய்விட்டார்கள். ஹார்ட்விக்கும் யென்டாஃப்டும் கவிழ்ந்த படகின் முதுகில் ஏறிக்கொண்டார்கள், பலகையில் கத்தியைக் குத்தி அதைப் பிடித்துக்கொண்டு. ஒரே கத்தி. ஹார்ட்விக்கின் கத்தி.

வேறு ஊர்ப் படகு ஒன்று யென்டாஃப்டை மட்டும் மீட்டுக் கொண்டுவந்தது. "அண்ணி, அவன்தான் என் கையில திணிச்சான்" என்றான் யென்டாஃப்ட். அவன் குரல் போய்விட்டது, காற்றுதான் வருகிறது. "ரெண்டு பேருக்கும் பிடி பத்தலை. 'நீ தெக்க போகணும், வாசிக்கத் தெரிஞ்சவன் நீதான்'னான். நான் வேணாம்னேன். சத்தியமா வேணாம்னேன்."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் முடிந்தது.

ஐயோ ஹார்ட்விக். நீ எதுக்குடா அவ்வளவு நல்லவனா இருந்தே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்காக, சிசிலியாவுக்காகக் கெட்டவனா இருந்திருக்கக் கூடாதா.

அவன் மிதவை ஒன்று கரை ஒதுங்கியது. குறியோடு. சிசிலியா அதைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குகிறாள்.

மே 7, சனி

கடிதம் படகேறியது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கரையில் நில்ஸ் நின்றுகொண்டிருந்தார். எலன் வலையைத் தாண்டியதைப் பற்றி அவர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார் என்று தெரியும். என் காதில் விழுகிற மாதிரி, "பொம்பளைங்க காகிதம் தூக்கிட்டு அலைஞ்சா இப்படித்தான்" என்றார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். நான் போகாமல் இருந்திருந்தால்? வலை, கடல், கோபம் எல்லாம் நான் நம்புகிறேனா? நம்பவில்லை என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நம்புகிறேன் என்று எழுதவும் மாட்டேன்.

மே 17, செவ்வாய்

விசேஷம் ஒன்றும் இல்லை. உருளைக்கிழங்கு நட்டோம். விதைக்கிழங்கைச் சாப்பிடாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்லது. எலன் வந்து உதவினாள். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறாள். "வலைய நெனச்சு அழறதா இருந்தா வரப்புக்கு வெளிய நின்னு அழு, உப்புத் தண்ணி கிழங்குக்கு ஆகாது" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஜூலை 9, சனி

பெர்கன் படகு வந்தது. சட்டம் எழுதி முடித்துவிட்டார்களாம். மே பதினேழு அன்றைக்கு. நூற்றுப் பன்னிரண்டு பேர் கையொப்பம் போட்டிருக்கிறார்கள். நம் வடக்கிலிருந்து ஒருவரும் இல்லை. ஒருவர்கூட. நம் ஊர் மட்டுமில்லை, வடக்கு மாவட்டங்களின் எந்த ஊரிலிருந்தும் இல்லை. வழி தூரமாம், நேரம் போதவில்லையாம்.

பின்னால் புரட்டி மே பதினேழு என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். உருளைக்கிழங்கு.

நாம் எடுத்த சத்தியம் எங்கே போயிற்று? அந்த நூறு கைகள்? பெரெட் அக்கா சொன்னாள்: "சட்டத்தை எழுதினவங்க நம்ம மீனைத்தான் தின்னுட்டு எழுதியிருப்பாங்க. அந்த மட்டும் நாம அங்க இருந்தோம்." நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம். ரொம்பக் கோபம்.

ஜூலை 24, ஞாயிறு

இளைத்துவிட்டேன் என்று பாதிரியார் சொன்னார். புல் வெட்டுகிற காலத்தில் யார்தான் இளைக்கவில்லை. ஹார்ட்விக்கின் அரிவாள் என் கைக்குக் கனம். பிடியைக் குறைத்து வெட்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

தெற்கே ஸ்வீடன்காரனோடு சண்டை நடந்து முடிந்தும் விட்டதாம். நமக்குச் செய்தி வருவதற்குள் போரே முடிந்துவிடுகிறது. மே மாதம் ராஜாவாக முடிசூட்டிக்கொண்ட அந்த இளவரசர் விலகுகிறாராம். எழுதின சட்டத்தை வைத்துக்கொள்ளலாமாம், ஆனால் ஸ்வீடன் ராஜாவையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதைப் பேச அக்டோபரில் இன்னொரு கூட்டம். மறுபடி ஒவ்வொரு ஊரும் ஆள் அனுப்பலாம்.

மறுபடி. இந்த வார்த்தையை இரண்டு தடவை வாசித்தேன்.

செப்டம்பர் 15, வியாழன்

கடிதம் திரும்பி வந்தது. நான்கு மாதம் ஊர் சுற்றிவிட்டு. வெளியே ஒரு வரி: "காலம் கடந்து வந்தது." முத்திரை உடையவே இல்லை. யாரும் பிரிக்கவில்லை. தானியக் கிடங்கு வரியை இந்த வட்டாரத்தைத் தாண்டி உலகத்தில் ஒருவரும் வாசிக்கவில்லை.

முத்திரையை நானே உடைத்தேன். மை மங்கவில்லை. பன்னிரண்டாவது குறியின் பக்கத்தில் ஒரு கறுப்புக் கைரேகை. அன்றைக்கு அவன் தொட்டுப் பார்த்தது.

பாதிரியாரிடம் எடுத்துக்கொண்டு போனேன். புதிதாக எழுத வேண்டியதில்லை, நீதிபதி ஏற்றுக்கொண்ட கடிதம்தான், அதே பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கீழே உறுதி செய்தால் போதும் என்றார். சொல்லிவிட்டுத்தான் அவருக்கு நினைவு வந்தது. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

செப்டம்பர் 18, ஞாயிறு

இந்தத் தடவை கோயிலில் ஆண்கள் இருந்தார்கள்.

பிரசங்கத்துக்குப் பிறகு மேசையில் கடிதத்தை விரித்தார். யென்டாஃப்டே போகட்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவராக வந்து பழைய குறியின் கீழே மறுபடி குறி போட்டார்கள். யென்டாஃப்ட், வெட்டோடு. நில்ஸ். மற்றவர்கள். பதினொன்று.

"ஒண்ணு குறையுது" என்றார் பாதிரியார். "வேற ஒரு வீட்டுத் தலைவர் வந்து—"

"வேற வீடு வேணாம்" என்றேன். "அந்த வீடு இருக்கு."

நான் நடந்து போனேன். பெஞ்சுகளுக்கு நடுவே ஆண்கள் பக்கமாகப் போனதை மேசைக்குப் போன பிறகுதான் கவனித்தேன்.

"மால்ஃப்ரிட்" என்றார் பாதிரியார், அன்பாகத்தான். "இறந்தவர் சார்பா கையெழுத்துப் போட முடியாதும்மா."

"நான் இறந்தவருக்குப் போடலை ஐயா. ஓரத்துல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க. சத்தமா."

வாசித்தார். குறிகள் ஆட்களுக்கு அல்ல, வீடுகளுக்கு உரியவை. வீடுகள் பன்னிரண்டு. ஏற்கப்பட்டது. பெயர், முத்திரை. வாசித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை தனக்குள் வாசித்தார்.

நில்ஸ் எழுந்தார். வலையைப் பற்றிச் சொல்லப் போகிறார், எல்லோர் முன்னாலும், சிசிலியா முன்னால். தயாராகத்தான் நின்றேன்.

"அந்த அடுப்புல இப்போ யார் தீ மூட்டறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"படகு உரிமை, வலை, ஆடு?"

"எல்லாம் நான்தான்."

தலையைச் சொறிந்தார். "அப்போ குறியும் அவளுதுதான். இதுல பேச என்ன இருக்கு?" என்று பாதிரியாரைப் பார்த்து எரிச்சலாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது. ஆனால் குறி விஷயத்தில் தவறு நடக்க விடமாட்டார். அப்படிப்பட்ட ஆட்கள் நாங்கள்.

பாதிரியார் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

எனக்கு எழுதத் தெரியும். பெயரையே எழுதியிருக்கலாம், அவர் எழுத்தைவிட என் எழுத்து மோசமில்லை. எழுதவில்லை. கைரேகைக்குக் கீழே, அதன் மேல் படாமல், போட்டேன். நிமிர்ந்த கோடு. தலையில் குறுக்கு. காலில் சாய்வு.

"பன்னிரண்டு" என்றார் பாதிரியார்.

செப்டம்பர் 20, செவ்வாய்

யென்டாஃப்ட் கிளம்பினான். மாவட்டக் கூட்டத்துக்கு முதலில், அங்கிருந்து தேர்ந்தெடுத்தால் தெற்கே. கடிதத்தை மீன்தோல் பையில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டான். இடுப்பில் ஹார்ட்விக்கின் கத்தி. திருப்பிக் கொடுக்க வந்தான், நான்தான் வாங்கவில்லை.

"அண்ணி, அந்த வரியை வாய்விட்டு வாசிப்பேன். கேக்கலேன்னா மறுபடி வாசிப்பேன்."

"நில்லு நில்லுன்னு சொல்வாங்க."

"நின்னுக்கிட்டே வாசிப்பேன்."

படகு முனையைத் தாண்டும் வரை கரையில் இருந்தோம். காற்று நல்ல காற்று. வீட்டுக்கு வந்து, ஜனவரிக்கான புது மிதவைகளை எடுத்து வைத்தேன். இந்த வருஷம் வலையில் நம் பங்கும் உண்டு, பெரெட் அக்காவின் மருமகன் படகில். சிசிலியா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மிதவையை எடுத்துக்கொண்டாள். "குறியை எங்க வெட்டணும்?" என்றாள். இடத்தைக் காட்டினேன். காலின் சாய்வு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது, ஆனால் யார் வீட்டு மிதவை என்று கடலில் எவனுக்கும் தெரியும்.